ஆற்றுக்கு இடம் விட்டவர்கள்

பிற ஊர்களில் ஆறு என்றால் படித்துறை நினைவுக்கு வரும். ஆடிப் பெருக்கு நினைவுக்கு வரும். ஈர மணலில் ஊற்றுத் தோண்டிய இளமைப் பருவம் நினைவுக்கு வரும். சென்னை மாநகரத்தாராகிய நமக்கோ கை தானாக மூக்கிடம் செல்கிறது. பேருந்து பாலத்தின்மேல் ஏறியதும் சன்னலோரத்தில் அமர்ந்திருப்பவர் கைக்குட்டையை எடுப்பார். பாலம் முடிந்ததும் அதை மடித்துச் சட்டைப்பையில் வைப்பார். ஆறு எப்போது வந்தது, எப்போது போயிற்று என்பதைக் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவார். ஆகவே 2019 ஆம் ஆண்டு சனவரி விடுமுறையில் எங்கள் அன்பியத்துக் குடும்பங்கள் அடையாற்றின் ஓரத்தில் ஒரு பிற்பகலைக் கழிப்பது என்று முடிவானபோது, மறைக்கல்வி வகுப்புச் சிறுவர்கள் முகத்தைச் சுளித்தார்கள். "கிண்டியில் மான் இருக்கிறது, மெரினாவில் கடல் இருக்கிறது, அங்கே என்ன இருக்கிறது?" என்பது அவர்கள் கேள்வி. கேள்வியில் நியாயமும் இருந்தது.

அடையாறு பெரிய ஆறு அன்று. ஏறத்தாழ 42 கிலோமீட்டர் நீளந்தான். மலையில் பிறந்த பெருமையும் அதற்கில்லை. காஞ்சிபுரம் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழியும் நீரெல்லாம் ஒன்று சேர்ந்து, திருநீர்மலையைக் கடந்து, விமான நிலையத்து ஓடுபாதைக்குக் கீழே புகுந்து, நகருக்குள் நுழைந்து, கடலைச் சேருகிறது. ஏரிகளின் மிச்சமே அதன் செல்வம். மழைக்காலத்தில் பெருக்கெடுக்கும், கோடையில் நகரத்தார் கழித்து விடும் நீரைத் தவிர அதற்கு வேறு வரவு கிடையாது.

எனினும் கத்தோலிக்கராகிய நமக்கு இச்சிற்றாறு அயலாறு அன்று. அதன் தென்கரையில்தான் சின்னமலை நிற்கிறது. திருத்தூதர் தோமையார் பகைவர்க்கு ஒதுங்கி ஒரு குகையில் தங்கிச் செபித்தார் என்று நம் முன்னோர் வழிவழியாகக் கூறிவரும் பாறை அது. அதன்மேல் 1551 இல் போர்த்துக்கீசியர் கோவில் எழுப்பினர். அதை அடுத்துச் சைதாப்பேட்டைக்குச் செல்லும் பாலத்தின் வரலாறும் அறியத்தக்கது. அடையாற்றின் குறுக்கே முதற்பாலத்தை 1726 இல் கட்டியவர் கோஜா பெத்ருஸ் உஸ்கான் என்னும் அருமேனிய வணிகர். பரங்கிமலைக்கு ஏறும் படிகளை அமைத்தவரும் அவரே. பாலத்திற்காகத் தம் சொந்தப் பணத்தில் 30,000 வராகன் செலவிட்ட அவர், அதைப் பிற்காலத்தில் பழுதுபார்ப்பதற்கென்று தனியே 1,500 வராகனும் வைத்துச் சென்றார். கட்டுவதற்குப் பணம் தருவோரை எந்தப் பங்கிலும் காணலாம்; கல்வெட்டில் பெயர் வரும். பழுதுபார்ப்பதற்குப் பணம் வைத்துப் போகிறவர் நூற்றில் ஒருவர். அப்பழம்பாலம் இப்போது இல்லை. 1960களில் புதுப்பாலம் அவ்விடத்தைப் பெற்றுக்கொண்டது.

நாங்கள் செல்லவிருந்த இடம் அங்கிருந்து கிழக்கே, ஆறு கடலைச் சேரும் முகத்துவாரத்தின் அருகே உள்ளது. கடலை எட்டுமுன் அடையாற்றின் ஒரு கை வடக்கே பிரிந்து, கழியாக வளைந்து, குவிபிள் தீவைச் சுற்றிக்கொள்கிறது. சாந்தோம் பக்கத்துக் கத்தோலிக்கர் பலர் அந்தத் தீவிலுள்ள கல்லறைத் தோட்டத்தை அறிவர். கல்லறைத் திருநாளன்று மெழுகுதிரியும் சாமந்தி மாலையுமாக அங்கே சென்று திரும்பியவர்கள், மதிலுக்கு அப்பால் கிடந்த கழியை ஏறிட்டுப் பார்த்திருக்கமாட்டார்கள். பார்க்க ஒன்றும் இல்லாத காலமும் இருந்தது. நகரத்தின் குப்பையும், இடித்த வீடுகளின் கல்லும் மண்ணும் பல்லாண்டுகள் அங்கே கொட்டப்பட்டன. கழி தூர்ந்து, சீமைக் கருவேலம் மண்டிக் கிடந்தது. எஞ்சிய நிலத்தில் கட்டடங்கள் எழவிருந்த நிலையில், 1990களில் குடிமக்கள் அமைப்புகள் நீதிமன்றத்தின் கதவைத் தட்டின. அவ்வழக்குகள் நடந்திராவிடில் இன்று அங்கே பூங்காவும் இல்லை, கழியும் இல்லை. 2011 சனவரியில் அதன் 58 ஏக்கர்ப் பகுதி பூங்காவாகத் திறக்கப்பட்டது. தொல்காப்பியப் பூங்கா என்று பெயர். அடையாறு பூங்கா என்றே பலரும் சொல்கின்றனர். நிலத்தைத் திணை திணையாகப் பகுத்து, அந்தந்த நிலத்திற்கு உரிய மரம், புள், தொழில் ஆகியவற்றைக் கருப்பொருள் என்று சொன்ன நூலின் பெயரை ஒரு நெய்தல் நிலத்துக்குச் சூட்டியது பொருத்தமே.

நாங்கள் சென்ற காலத்தில் முன்கூட்டி அனுமதி பெற்றுக் குழுவாகவே உள்ளே செல்ல வேண்டியிருந்தது. பெரியோரும் சிறுவருமாக இருபத்துமூவர் இருந்தோம். எங்களுடன் ஒரு மூதாட்டியார் வந்திருந்தார். அவரைப் பற்றிப் பின்னர்ச் சொல்வோம். வாயிலிலேயே தின்பண்டப் பொட்டலங்களையும் ஞெகிழிப் பைகளையும் வைத்துவிட்டு வரச் சொன்னார்கள். முறுக்குப் பொட்டலத்தைப் பிரிந்த துயரம் சிறுவர் சிலரை நெடுநேரம் வாட்டியது. ஊஞ்சல் இல்லை, சறுக்குமரம் இல்லை, பூச்செடி வரிசை இல்லை, பந்து விளையாடப் புல்வெளியும் இல்லை. பூங்கா என்னும் சொல்லை நம்பி வந்தவர்க்கு முதற்பார்வையில் அது வெறுங்காடாகவே தோன்றும். உடன் வந்து வழிகாட்டிய இளைஞர் அதை உணர்ந்தவர் போல, "இது உங்களுக்காக வளர்த்த தோட்டம் இல்லை, நீங்கள் பார்த்துவிட்டுப் போகலாம், அவ்வளவுதான்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அச்சொல் எங்களுள் சிலருக்குச் சற்று உறைத்தது. எங்களுக்குப் பிடித்தும் இருந்தது.

காட்டைக் கடந்து மரப்பாலத்துக்கு வந்ததும் சிறுவர் முறுக்கை மறந்தார்கள். நீர் வற்றியிருந்த நேரம். கரிய சேறு வெயிலில் மின்னியது. அசையாமல் நின்று பார்த்தால் சேறு முழுவதும் அசைகிறது! நகத்தளவு நண்டுகள் நூற்றுக்கணக்கில் வளைகளின் வாயில் நின்றுகொண்டு, ஒரே ஒரு பெரிய கொடுக்கை உயர்த்தி உயர்த்தித் தாழ்த்துகின்றன. ஆண் நண்டுக்கு ஒரு கொடுக்கு மட்டும் உடம்பின் அளவுக்குப் பெருத்திருக்கும். அதை ஆட்டியே பெண்ணை அழைக்கும், பகைவனை மிரட்டும். ஒரு சிறுவன் காலைத் தட்டினான். நொடியில் சேறு வெறுமையாயிற்று. பிறகு ஐந்து நிமிடம் யாரும் மூச்சுவிடவில்லை. ஒன்று தலை நீட்டியது; பின்னும் ஒன்று. செபமாலையின்போது எத்தனை முறை கேட்டும் எங்களுக்குக் கிட்டாத அமைதியை அந்த நண்டுகள் ஐந்து நிமிடத்தில் வாங்கிவிட்டன.

கரையோரம் அலையாத்தி மரங்கள். ஆளுயரத்துக்குச் சற்று மேல், பார்வைக்கு எளிய மரம். அதன் வேரோ விந்தையானது. மரத்தைச் சுற்றிச் சேற்றிலிருந்து விரல் பருமனுள்ள குச்சிகள் ஆயிரக்கணக்கில் மேல்நோக்கி நிற்கின்றன. யாரோ ஊன்றி வைத்தவை போலத் தோன்றும் அவை மூச்சுவிடும் வேர்கள். சேற்றுக்குள் காற்று இல்லாமையால் மரம் தன் வேரை மேலே அனுப்பி மூச்சு வாங்குகிறது. இளைஞர் ஓர் இலையைக் காட்டி, நாவால் தொட்டுப் பார்க்கச் சொன்னார். உப்புக் கரித்தது. கடல்நீரைக் குடித்து, வேண்டாத உப்பை இலைவழியே வெளியேற்றிவிடுகிறது அம்மரம். விதையும் மரத்தில் இருக்கும்போதே முளைகட்டிக்கொண்டுதான் நீரில் விழுகிறதாம். அலை அடித்துப் போகுமுன் வேரூன்றத் தயாராக விழுகிறது. பிச்சாவரத்தில் படகேறிப் பார்த்த சுரபுன்னைக் காடுகளை எங்களுள் சிலர் நினைவு கூர்ந்தனர். அங்கே காண்பது கடவுள் நட்டது. இங்கே காண்பது மனிதர் கெடுத்த இடத்தில் மனிதர் மீண்டும் நட்டது.

மீண்டும் நட்டது என்று எளிதாகச் சொல்லிவிட்டோம். செய்த வேலை அத்தனை எளிதன்று. முதலில் கொட்டிய கல்லையும் குப்பையையும் தோண்டி எடுத்தார்கள். மழைநீர் தேங்கப் பள்ளங்கள் வெட்டினார்கள். தூர்ந்த கால்வாய்களை ஆழப்படுத்தி, கடல் ஏறும்போது உப்புநீர் உள்ளே வந்து, இறங்கும்போது வெளியே செல்ல வழி செய்தார்கள். மேட்டு நிலத்தில் இக்கடற்கரைக்கே உரிய புன்னை, மகிழம், இலுப்பை, நாவல் போன்றவற்றை நட்டார்கள். பறவைகளை யாரும் கொண்டுவந்து விடவில்லை. மீன் வந்தது, மீனைத் தேடி அவை தாமே வந்தன. அன்று நாங்கள் கண்டவை: சிறகை விரித்து வெயிலில் உலர்த்திய நீர்க்காகம், மடையான், நீலத் தாழைக்கோழி, மூழ்கி மூழ்கி எழுந்து சிறுவரை ஏமாற்றிய முக்குளிப்பான். பகலில் தூங்கும் வக்கா ஒன்றைக் கிளையிடையே கண்டுபிடித்த சிறுமி அன்று முழுவதும் தலைவியாக விளங்கினாள்.

உண்மையை மறைக்கலாகாது. காற்று திரும்பிய போதெல்லாம் அந்தப் பழைய நாற்றமும் வந்தது. 58 ஏக்கரைத் தூய்மை செய்தாலும் மேலே நாற்பது கிலோமீட்டர் நீளத்துக்கு நகரம் தன் கழிவை ஆற்றில் விடுகிறது. போதாததற்குக் கடலும் ஆண்டுதோறும் மணலைத் தள்ளி முகத்துவாரத்தை அடைக்கிறது. அடைபட்டால் அலை உள்ளே வாராது. கழி குட்டையாகித் தேங்கிவிடும். மணலை அகற்றிக்கொண்டே இருக்க வேண்டும். உஸ்கான் வைத்துச் சென்ற 1,500 வராகன் அப்போது நினைவுக்கு வந்தது.

இனி அந்த மூதாட்டியாரைப் பற்றி. ஆற்றங்கரைக் குடிசைப் பகுதியில் நாற்பது ஆண்டுகள் வாழ்ந்தவர். மணமாகி அங்கே வந்தார், பிள்ளைகளைப் பெற்றார், கணவரை இழந்தார். எங்கள் அன்பியத்தில் இரங்கல் வீடாயினும் திருமண வீடாயினும் முதலில் வந்து நிற்பவர் அவர்தாம். 2015 டிசம்பர் வெள்ளம் வந்தது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி அளவுக்கு நீர் திறந்துவிடப்பட்ட அந்த நாட்களை யாரும் மறந்திருக்கமாட்டார்கள். ஓடுபாதையில் ஆறு புகுந்து விமான நிலையமே சில நாட்கள் மூடப்பட்டது. அவ்விரவில் பேரனைத் தோளில் ஏற்றிக்கொண்டு கழுத்தளவு நீரில் நடந்து வந்தவர் அவர். பங்குக் கோவிலில்தான் தங்கினார். அதன்பின் ஆற்றங்கரைக் குடிசைகள் பகுதி பகுதியாக அகற்றப்பட்டன. அவர் குடும்பத்துக்குப் பெரும்பாக்கத்தில், அடுக்குமாடிக் குடியிருப்பில் ஆறாம் மாடியில் வீடு கிடைத்தது. அறிவிப்பு வந்து சில நாட்களுக்குள் வண்டி வந்துவிட்டதாம். பள்ளியில் அரையாண்டுத் தேர்வு நடந்துகொண்டிருந்தது. பேரன் எஞ்சிய தேர்வுகளை எழுதவில்லை. மறு ஆண்டு பள்ளிக்கும் போகவில்லை. வீட்டு வேலை செய்துவந்த மருமகளுக்குப் பழைய வீடுகளுக்கு வந்துபோகும் பேருந்துக் கட்டணமே சம்பளத்தில் பாதியாயிற்று. ஆயினும் மூதாட்டியார் ஞாயிறுதோறும் இரண்டு பேருந்து மாறி எங்கள் பங்குக்கே பூசைக்கு வந்துகொண்டிருந்தார். அங்கேயும் கோவில் இருக்கிறதே என்று கேட்டால், "இருக்கு. ஆனா என் பேரைச் சொல்லிக் கூப்பிட அங்க ஆள் இல்லையே" என்பார்.

அவரைப் பூங்காவுக்கு அழைப்பதா வேண்டாமா என்று எங்களுக்குள் ஒரு தயக்கம் இருந்தது. தம்மை அகற்றிய ஆற்றின் கரையில் பிறர் பறவை பார்ப்பதைக் கண்டு அவர் மனம் நோகுமே என்று அஞ்சினோம். அழைத்தோம், உடனே வந்துவிட்டார். சேற்றில் நண்டைக் கண்டதும் சிறுவரைவிட அவரே மகிழ்ந்தார். முன்பு தம் கரையிலும் நண்டு இருந்ததாம், கெளுத்தி இருந்ததாம். சாக்கடை கருத்த பிறகே அவை போயினவாம். பார்வை மேடையில் ஏறி அமர்ந்து, கழியையும் மரங்களையும் நெடுநேரம் பார்த்தார். என்ன சொல்லப் போகிறாரோ என்று நாங்கள் காத்திருந்தோம்.

"ஆத்துக்கு இடம் விட்டது நல்லதுதான் தம்பி. தண்ணிக்குப் படுக்க இடம் இல்லேன்னா அது நம்ம பாயிலதான் வந்து படுக்கும். எங்களைக் கேட்டிருந்தா நாங்களே சொல்லியிருப்போம். யாரும் கேக்கலியே."

அவ்வளவுதான் சொன்னார். குரலில் கசப்பு இல்லை. அதனாலேயே எங்களால் மறுமொழி கூற இயலவில்லை.

மறுவாரம் அன்பியக் கூட்டத்தில் இதைப் பற்றியே பேசினோம். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015 இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' என்னும் சுற்றுமடல் எங்கள் கையில் இருந்தது. பூமியின் கூக்குரலும் ஏழையின் கூக்குரலும் ஒன்றே என்னும் அதன் கருத்தைக் கேள்விப்படாத பங்கு இராது. அதைவிட நேராக நம்மிடம் பேசும் இரண்டு இடங்கள் அதில் உள்ளன. நகரங்களில் அழகிய பசும்பரப்புகள் வசதியுள்ளோர் வாழும் பகுதிகளில் அமைகின்றன, ஒதுக்கப்பட்டோர் வாழும் மறைவிடங்களில் அமைவதில்லை என்று 45 ஆம் எண் சுட்டுகிறது. ஏழைகளை ஓரிடத்திலிருந்து அகற்றுவது தவிர்க்க முடியாததானால், முன்னரே முறையாக அறிவித்து, தக்க வீடுகளைத் தெரிந்துகொள்ள வாய்ப்பளித்து, அம்மக்களையும் அம்முடிவில் பங்குகொள்ளச் செய்யவேண்டும் என்கிறது 152 ஆம் எண். ஏன் வெளியேற்றினீர்கள் என்று அது கேட்கவில்லை. கேட்டுச் செய்தீர்களா என்று கேட்கிறது. எழுதப் படிக்கத் தெரியாத எங்கள் மூதாட்டியார் பார்வை மேடையில் அமர்ந்து சொன்னதும் அதுவே.

கூட்டத்தில் ஒரு சாரார், ஆற்றங்கரையில் குடியிருப்பது உயிருக்கே ஆபத்து, அகற்றியது நன்மையே என்றனர். மற்றொரு சாரார், பூங்காவும் அழகும் பணக்காரர்க்கு, ஆறாம் மாடியும் பழுதான மின்தூக்கியும் ஏழைக்கு என்றனர். எங்கள் எண்ணத்தில் இரு சாராரும் பாதியைப் பார்த்துப் பேசினர். வெள்ளம் வந்த இரவில் கழுத்தளவு நீரில் நடந்தவரை மீண்டும் அக்கரையில் குடியேறச் சொல்ல நமக்கு மனம் வராது. ஆனால் ஆற்றை ஒட்டிய நிலத்தில் குடிசைகள் மட்டுமா நிற்கின்றன? பெருங்கட்டடங்களும் நிற்கின்றன, அவற்றுக்கு வண்டி வரவில்லை. மேலும், நீர் தேங்கும் நிலத்திலிருந்து அகற்றப்பட்ட அவர்கள் போய்ச் சேர்ந்த பெரும்பாக்கமோ பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை அடுத்தது. அச்சதுப்பு நிலம் 2022 இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்று உலகப் புகழ் அடைந்தது. பெருமழையில் அங்கேயும் கட்டடங்களின் அடித்தளம் வரை நீர் வந்து நிற்கிறது. ஆற்றுக்கு இடம் விட்டவர்களை ஏரியின் மடியில் கொண்டுபோய் வைத்திருக்கிறோம்.

பூங்காவிலிருந்து புறப்படும் முன் மூதாட்டியார் வழிகாட்டிய இளைஞரிடம் ஒரு கேள்வி கேட்டார். எங்கள் கட்டடத்தைச் சுற்றி நிற்கும் தண்ணீரில் இந்த அலையாத்தி வளருமா என்பதே அது. அவர் தங்கும் இடம் எது என்று இளைஞர் விசாரித்தார். கடல்நீர் ஏறி இறங்காத இடத்தில் அலையாத்தியை நம்பி வைக்க வேண்டாம் என்றார். புங்கை, பூவரசு, நீர்மருது ஆகியவை மழைநீர் தேங்கினும் தாங்கும், வெயிலையும் தாங்கும், கன்றாக இருக்கும்போது ஆடு மாடு அண்டாமல் முள்வேலி கட்டுங்கள், முதல் இரண்டு கோடைக்கு வாரம் இருமுறையேனும் தண்ணீர் ஊற்றுங்கள் என்று நிதானமாக எடுத்துரைத்தார். மூதாட்டியார் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லி மனத்தில் பதித்துக்கொண்டார்.

அவ்வாண்டு மழைக்கு முன் எங்கள் அன்பியத்தார் பன்னிரண்டு கன்றுகளுடன் பெரும்பாக்கம் சென்றோம். சிறுவர்களே குழி தோண்டினார்கள். எங்கள் வீடுகளிலிருந்து அங்கே செல்லும் வழி எவ்வளவு நீண்டது என்பதை அன்றுதான் உடலால் அறிந்தோம். அவர் ஒவ்வொரு ஞாயிறும் அதைக் கடந்து வருகிறார். கன்றுகளுள் மூன்றை ஆடு தின்றது. நான்கைக் குழாய் பதிக்க வந்தவர்கள் பிடுங்கி எறிந்தார்கள். எஞ்சியவற்றுக்கு அவர் ஆறாம் மாடியிலிருந்து குடத்தைத் தூக்கிக்கொண்டு இறங்கியதாகக் கேள்வி. மின்தூக்கி ஓடாத நாட்களிலும் இறங்கியிருக்கிறார். முழங்கால் வலிக்கத் தொடங்கியபின் பேரன் அந்த வேலையை ஏற்றுக்கொண்டான். அவன் இப்போது ஒரு பழுதுபார்க்கும் கடையில் வேலை செய்கிறான்.

சென்ற கிறிஸ்து பிறப்பு விழாத் திருப்பலிக்கு அவர் வந்திருந்தார். மரங்களைப் பற்றி விசாரித்தோம். ஒரு புங்கை முதல் மாடிச் சன்னலை எட்டிவிட்டதாம். அதன் நிழலில் யார் வண்டியை நிறுத்துவது என்று இப்போது கட்டடத்தில் தினமும் சண்டையாம்.